அக்கா சொன்னாங்க

அந்த அலுவலகத்தில் மொத்தம் பதினெட்டுப் பேர். அதில் பதினேழு பேருக்கு அவள் அக்கா. அவளைவிட ஒன்பது வயது மூத்த முதலாளிக்கும் அக்கா, தண்ணீர் கேன் போடுகிறவருக்கும் அக்கா, மாதம் ஒருமுறை வந்து ஏசியைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போகும் மெக்கானிக்குக்கும் அக்கா. சம்பளச் சீட்டில் வேறொரு பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லி யாராவது போனில் கேட்டால், "அப்படி யாரும் இங்க இல்லையே" என்று சொல்லி வைத்துவிடுவார்கள். ஒருமுறை அவளே அப்படிச் சொல்லி வைத்திருக்கிறாள்.

மூன்றாவது மாடி. படியேறி வந்தால் வலது பக்கம் பல் டாக்டர், இடது பக்கம் இவர்கள். டாக்டரின் மிஷின் சத்தம் சுவரைத் தாண்டி வரும்போதெல்லாம் இந்தப் பக்கம் பதினெட்டுப் பேரும் தாடையைத் தடவிக்கொள்வார்கள். சலவைக் கடைகள், வண்டி நிறுத்துமிடங்கள், லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனிகள் என்று சின்னச் சின்ன ஆட்களுக்கு மென்பொருள் எழுதித் தருவதுதான் தொழில். பதினைந்து வருடத்தில் நாற்பத்து மூன்று ப்ராஜெக்ட் சேர்ந்துவிட்டது. எதையும் மூடவும் இல்லை, எதையும் ஒழுங்காகப் பெயர் வைத்து அடுக்கவும் இல்லை. 'புதுசு' என்று ஒரு ஃபோல்டர், 'புதுசு இரண்டு' என்று ஒரு ஃபோல்டர், 'கடைசி' என்று ஒன்று, 'கடைசி நிஜமா' என்று ஒன்று. 'தொடாதே' என்றுகூட ஒன்று இருந்தது. அந்தப் பெயரை வைத்தவள் அக்கா.

மென்பொருள்காரர்கள் எல்லாவற்றையும் தங்கள் மூளையிலிருந்தே எடுத்து எழுதுகிறார்கள் என்று நினைத்தால், அது நம் தப்பு. தேதியைக் கணக்குப் போட ஒன்று, ரசீது அச்சடிக்க ஒன்று, படத்தைச் சுருக்க ஒன்று என்று, முன்பின் தெரியாத யாரோ ஒரு புண்ணியவான் எழுதி வைத்ததை எடுத்துச் சேர்த்துக்கொள்வார்கள். பேக்கேஜ் என்று பெயர். அந்தப் புண்ணியவானும் சும்மா இருக்க மாட்டார். எதையாவது திருத்தி, புது எண் போட்டு, மறுபடி வெளியிடுவார். அந்த எண்தான் வெர்ஷன். எந்த ப்ராஜெக்டில் எந்தப் பேக்கேஜின் எந்த வெர்ஷன் என்பதை அந்தந்த ஃபோல்டருக்குள் எழுதி வைப்பார்கள். நாற்பத்து மூன்று ஃபோல்டர், நாற்பத்து மூன்று பட்டியல். தேதிப் பேக்கேஜ் ஒன்று மட்டும் ஒன்பது வெவ்வேறு வெர்ஷன்களில் அந்த அலுவலகத்தில் குடியிருந்தது.

இந்தக் கூத்தெல்லாம் எப்படி ஓடியது என்றால், அக்காவால் ஓடியது. புது வெர்ஷன் வந்தால் யாராவது நாற்காலியைத் திருப்பாமலே கேட்பார்கள்: "அக்கா, ரசீது பேக்கேஜ் ஏத்தலாமா?" அவளும் திரும்பாமலே சொல்வாள்: "சலவைக்கு ஏத்து. பார்க்கிங்ல அதைத் தொடாதே." ஏன் என்று ஒருத்தர் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை. அவள் மானிட்டரைச் சுற்றி மஞ்சள் காகிதத் துண்டுகள் ஒட்டியிருக்கும், மீதியெல்லாம் தலைக்குள். அவள் காய்ச்சலில் இரண்டு நாள் படுத்தால் அந்த இரண்டு நாளும் அலுவலகம் எதையும் ஏற்றாது, இறக்காது. அதில் அவளுக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. இல்லை என்று சொன்னால் அவளே நம்ப மாட்டாள்.

ஏன் என்று கேட்கக்கூடிய ஆள் அங்கே ஒருத்தர்தான். எழுதியதையெல்லாம் சோதித்துப் பார்க்கிறவர். அவருக்கு எல்லோரும் வைத்த பெயர் சந்தேகம். உட்காருவதற்கு முன்னால் நாற்காலியை ஆட்டிப் பார்ப்பார். லிஃப்டில் ஏறினால் மூன்றை அமுக்கிவிட்டு மறுபடி மூன்றை அமுக்குவார். அவரும் அக்காவும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். பதினைந்து வருடமாகப் பேச்சும் சண்டையும் ஒன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. அக்காவிடம் மட்டும் அவரும் ஏன் என்று கேட்பதில்லை. ஆரம்பத்தில் இரண்டு தடவை கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டதோடு விட்டுவிட்டார்.

வீட்டிலும் இதே கதைதான். கூடத்துக் கடிகாரத்தை அக்கா பதினைந்து நிமிடம் முன்னால் தள்ளி வைத்திருந்தாள், பஸ்ஸுக்குத் தாமதமாகக் கூடாது என்று. கொஞ்ச நாளில் அது பதினைந்து நிமிடம் வேகம் என்று எல்லோருக்கும் பழகிவிட்டது. மணி பார்க்கிறவர்கள் பதினைந்தைக் கழித்துக்கொண்டே பார்த்தார்கள். ஒரு விடுமுறை நாளில் அவள் கணவர், கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற மனுஷர், எதையும் துல்லியமாகப் பார்த்தே பழகியவர், நாற்காலி போட்டு ஏறிக் கடிகாரத்தைச் சரி செய்தார். செய்தவர் வாயைத் திறந்து சொல்லவில்லை. மறுநாள் அக்கா வழக்கம்போல் பதினைந்தைக் கழித்துக்கொண்டு நிதானமாகத் தலை வாரினாள். பஸ் போய்விட்டது. அதைப் பற்றி மூன்று நாள் அந்த வீட்டில் பேச்சு நடந்தது. பேசியது அவள், கேட்டது அவர்.

இப்படி இருக்கையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தம்பி போன் செய்தான்.

அக்காவுக்குக் கூடப் பிறந்தவன் அவன் ஒருத்தன்தான். அப்பா அம்மா இரண்டு பேரும் இல்லை. ரயிலில் பதினோரு மணி நேரம் தள்ளி ஒரு துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். நாற்பத்தொரு வயதுவரை கல்யாணப் பேச்சை எடுத்தாலே கம்பி நீட்டிக்கொண்டிருந்தவனுக்கு, அதே துறைமுகத்தில் லாரிகளை எடை போடுகிற பெண் ஒருத்தியைப் பிடித்துப்போயிற்று. பதிவு அலுவலகத்தில் கையெழுத்து, அதோடு முடிந்தது, கூட்டம் கீட்டம் எதுவும் வேண்டாம் என்று இரண்டு பேரும் முடிவு செய்திருந்தார்கள்.

"அக்கா, தேதி வாங்கிட்டேன். அடுத்த மாசம் பதினாலு, வியாழக்கிழமை, காலைல பதினோரு மணி."

"ரொம்ப சந்தோஷம்டா. நான் ஆபீஸ்ல பேசிட்டு…"

"இரு, நான் முடிச்சுக்கிறேன். முதல் தேதி வாங்கினப்ப சலவைக்கடை ரசீதுல நேத்தைய தேதி வந்துச்சு, உன்னால கிளம்ப முடியல. மாத்தினேன். ரெண்டாவது தேதிக்கு எவனோட பார்க்கிங்லயோ கேட் திறக்கல. நீ ஸ்டேஷன் வரைக்கும் போயிட்டுத் திரும்பிட்டே. அதுக்கும் மாத்தினேன். இனிமே மாத்த மாட்டேன். என் பக்கம் சாட்சிக் கையெழுத்துப் போட உன்ன விட்டா யாரு இருக்கா? நீ வரலைன்னா கூட வேலை பார்க்கிறவன் எவனாவது போடுவான். போட்டுட்டுப் போறான்."

"ஏன்டா இப்படிப் பேசுற?"

"பின்ன எப்படிப் பேசுறது? உனக்கு அங்க பதினேழு தம்பி தங்கச்சி இருக்காங்க. எனக்கு ஒரு அக்காதான்."

வைத்துவிட்டான். பரணை நிமிர்ந்து பார்த்த கணவர், "பெட்டியை இறக்கவா, வேண்டாமா?" என்று மட்டும் கேட்டார். அந்தப் பெட்டி ஏற்கெனவே இரண்டு தடவை இறங்கி, அடுக்கப்பட்டு, பிரிக்கப்பட்டு, ஏறியிருந்தது.

"இறக்குங்க" என்றாள். அழுகை வந்தது, அழுதாள்.

மறுநாள் காலை பத்து நாள் லீவு கேட்டு முதலாளி முன்னால் போய் நின்றாள். முதலாளி நல்லவர், ஆனால் பயந்தவர். எதற்கும் 'முடியாது' என்று சொல்லிப் பழக்கமில்லாததால் எல்லா மறுப்புக்கும் ஒரே முன்னுரைதான் வைத்திருந்தார்.

"நான் வேண்டாம்னு சொல்லல அக்கா" என்று ஆரம்பித்தார். "பத்து நாள்னு சொல்றீங்க. போன தடவை நீங்க ஸ்டேஷனுக்குப் போன அரை நாளே இங்க கைகால் ஓடல. பத்து நாள்ல எதாவது ஒண்ணு ஆச்சுன்னா…"

அவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தார். பயம் வந்தால் குடிப்பார்.

அப்போது வாசலில் நின்றுகொண்டிருந்த சந்தேகம் மூக்கை நுழைத்தார். "சார், ஒரு நாள் சோதிச்சுப் பார்த்துடலாம். அக்கா கிளம்பறதுக்கு முந்தின நாள், செவ்வாய்க்கிழமை, காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் அவங்க முன்னாடி வரவேற்பு நாற்காலியில உட்காரட்டும். நாம யாரும் ஒரு கேள்வி கேட்கக்கூடாது. அவங்களும் ஒரு வார்த்தை பேசக்கூடாது, கையைக் காட்டக்கூடாது. அன்னிக்கு வர்ற வேலை எல்லாம் போயிடுச்சுன்னா அவங்களும் போகட்டும்."

"போகலைன்னா?" என்று அக்கா கேட்டாள்.

"அதை அப்புறம் பார்ப்போம்" என்றார் முதலாளி. அப்புறம் என்றால் என்ன என்று அங்கே எல்லோருக்கும் தெரியும்.

அக்காவின் கையில் இருந்தது ஐந்து வாரம். தலைக்குள் இருக்கிற நாற்பத்து மூன்று பட்டியலையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்றுதான் முதலில் நினைத்தாள். எழுதவும் ஆரம்பித்தாள். இரண்டாம் நாள் பார்த்தால், எழுதியதில் பாதி அதற்குள் பழசாகிவிட்டது. பட்டியலுக்குப் பட்டியல் எழுதுவதில் பிரயோஜனமில்லை, பட்டியலே ஒன்றாகிவிட வேண்டும் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எண்களையெல்லாம் ஒரே இடத்தில், ஒரே கோப்பில் எழுதிவிட்டால், ஃபோல்டருக்குள் பேக்கேஜின் பெயர் மட்டும் இருந்தால் போதும். எண் வேண்டுமா, மேலே போய் ஒரே இடத்தில் பார்த்துக்கொள். மாற்ற வேண்டுமா, ஒரே இடத்தில் மாற்று.

நாற்பத்து மூன்று ஃபோல்டரைக் கையால் அப்படி மாற்றினால் தம்பி கல்யாணம் முடிந்து அவன் பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிடும். அதனால் அந்த வேலையைச் செய்கிற கருவி ஒன்றை அவளே எழுதினாள். அதற்குப் படம் இல்லை, பட்டன் இல்லை. கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டினால் வேலை செய்யும், அவ்வளவுதான். ஏன் பட்டன் வைக்கவில்லை என்று முதலாளி கேட்டதற்கு, "வெச்சா யாராவது அமுக்கிடுவாங்க சார்" என்றாள். சாவிக் கொத்து மாதிரி எல்லாம் ஒரே வளையத்தில் இருக்கட்டும் என்று 'கொத்து' என்று பெயர் வைத்தாள். 'கொத்து பார்' என்று தட்டினால் ஒவ்வொரு ஃபோல்டராக நுழைந்து என்னென்ன இருக்கிறது என்று காட்டும், எதையும் தொடாது. 'கொத்து சேர்' என்று தட்டினால் எண்களையெல்லாம் பிடுங்கி ஒரே கோப்பில் சேர்த்துவிடும். ஒரே பேக்கேஜுக்கு இரண்டு எண் இருந்தால் பெரியதை எடுத்துக்கொள்ளும். ஏதாவது ப்ராஜெக்ட், இல்லை, எனக்குப் பழசுதான் வேண்டும் என்று அடம்பிடித்தால், பிடிக்கலாம். ஆனால் பக்கத்தில் ஒரு வரியில் காரணம் எழுத வேண்டும். காரணம் இல்லையென்றால் கொத்து அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

நகலில்தான் முதலில் ஓட்டிப் பார்த்தாள், அனுபவசாலி. திரையில் ஓடிய வரிகளைச் சந்தேகம் அவள் தோளுக்குப் பின்னால் நின்று விரல்விட்டு எண்ணினார்.

"நாற்பத்து ரெண்டுதான் வருது. ஒண்ணு குறையுதே?"

"அது 'தொடாதே' ஃபோல்டர். ஆறு வருஷமா யாரும் திறக்கல. அதுக்குள்ள போகாதேன்னு நான்தான் கொத்துல எழுதியிருக்கேன்."

"ஏன்?"

"தொடாதேன்னு போட்டிருக்கே, தெரியல?"

சந்தேகம் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போய்விட்டார். தான் வைத்த பெயருக்குத் தானே பயந்தவள் அக்கா. அதை யாராவது அன்றைக்கே சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சொல்கிற தைரியம் யாருக்கு இருந்தது?

நாற்பத்து இரண்டில் முப்பத்தொரு இடத்தில் பழைய எண்ணே வேண்டும் என்று அடம். அக்கா அந்தப் பட்டியலை எல்லோருக்கும் அனுப்பி, அவரவர் காரணத்தை ஒரு வரியில் எழுதித் தரச் சொன்னாள். மறுநாள் காலை திரும்பி வந்ததை டீயைக் கையில் வைத்துக்கொண்டு படித்தாள். ஐந்து இடத்தில் உருப்படியான காரணம் இருந்தது. நான்கு இடத்தில் 'அக்காகிட்ட கேட்கவும்' என்று இருந்தது. மீதி இருபத்திரண்டு இடத்திலும் ஒரே வாசகம்: 'அக்கா சொன்னாங்க.'

டீ ஆறிப்போயிற்று. சொன்னது அவள்தான், மறுப்பதற்கில்லை. எப்போது சொன்னாள், எதற்குச் சொன்னாள்? மஞ்சள் காகிதங்களைப் புரட்டினாள். ஒன்றில் 'வேண்டாம்' என்று இருந்தது. எது வேண்டாம் என்று இல்லை. இன்னொன்றில் 'ஜாக்கிரதை' என்று தன் கையெழுத்திலேயே இருந்தது. இத்தனை வருடம் பதினேழு பேர் அவள் தலையில் எல்லாம் இருக்கிறது என்று நம்பியிருந்தார்கள். அவளும் நம்பியிருந்தாள். இப்போது உள்ளே போய்த் தேடினால் பாதி அறை காலி. அவளுக்கு வெட்கமாக இருந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

ஆனால் அசந்து உட்காருகிற ஆள் இல்லை. சந்தேகத்தைக் கூட உட்கார வைத்துக்கொண்டு, அந்த இருபத்தாறையும் ஒவ்வொன்றாகப் புது எண்ணுக்கு ஏற்றி ஓட்டிப் பார்த்தாள். மூன்று வாரம் ஆயிற்று. இருபத்து மூன்று எந்தப் பிரச்சினையும் இல்லாமல் ஓடின. எப்போதோ இருந்த காரணம் எப்போதோ போய்விட்டிருந்தது, சொல் மட்டும் தங்கியிருந்தது. மூன்றுக்கு நிஜமாகவே காரணம் இருந்தது, எழுதி வைத்தாள். கடைசியாகக் கொத்தில் ஒரு விதி சேர்த்தாள்: காரணத்தில் 'அக்கா' என்ற சொல் வந்தால் அந்தக் காரணம் செல்லாது.

செவ்வாய்க்கிழமை வந்தது. மறுநாள் காலை ஆறு நாற்பதுக்கு ரயில். பெட்டி அடுக்கிக் கூடத்தில் நின்றது. ஒன்பதரை மணிக்கு அக்கா வரவேற்பு நாற்காலியில் உட்கார்ந்தாள். நடுவில் கண்ணாடித் தடுப்பு, கதவு திறந்திருந்தது. பார்க்கலாம், கேட்கலாம், பேசத்தான் கூடாது. பதினைந்து வருடமாக வாய் ஓயாதவளை அப்படி உட்கார வைத்ததைப் பார்க்கப் பல் டாக்டரின் நர்ஸ்கூட இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

பதினோரு மணிக்கு ரசீது பேக்கேஜில் ஒரு கோளாறு என்று செய்தி வந்தது, உடனே எல்லா இடத்திலும் புது எண்ணுக்கு ஏற்ற வேண்டும். சலவை ப்ராஜெக்ட் பார்க்கிறவன் பழக்க தோஷத்தில், "அக்கா, ஏத்த…" என்று பாதி சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். முதலாளி அவனை முறைத்தார். பாதிக் கேள்வி கேள்வியாகாது என்று சந்தேகம் தீர்ப்புச் சொன்னார். அப்புறம் அந்தப் பையன் பொதுக்கோப்பைத் திறந்தான். ஒரே வரி, ஒரே எண். மாற்றினான். முன்பெல்லாம் இரண்டு நாள் பிடித்த வேலை அரை மணி நேரத்தில் முடிந்து, எல்லாம் சரி என்று திரை பச்சை காட்டியது. அக்கா கால் மேல் கால் போட்டுக்கொண்டாள்.

இரண்டு மணிக்கு லிஃப்ட் கம்பெனியிலிருந்து போன். லிஃப்டுக்குச் சர்வீஸ் தேதி நெருங்கினால் ஒரு நாள் முன்னால் போகிற நினைவூட்டல் இனி இரண்டு நாள் முன்னால் போக வேண்டும், நாளை காலையிலிருந்து, கட்டாயம். அந்த ப்ராஜெக்ட் எங்கே இருக்கிறது என்று தேடினார்கள். 'தொடாதே' ஃபோல்டரில் இருந்தது.

அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. காலைக் கீழே போட்டாள்.

சந்தேகம் போய்க் கறுப்புத் திரை முன்னால் உட்கார்ந்தார், நாற்காலியை ஆட்டிப் பார்த்துவிட்டு. 'கொத்து பார்' என்று தட்டினார். நாற்பத்து இரண்டு. லிஃப்ட் அதில் இல்லை. கொத்தின் உள்ளே போய், 'தொடாதே' ஃபோல்டரைத் தாண்டிப் போ என்று அக்கா எழுதிய வரியைத் தேடி நீக்கினார். மறுபடி தட்டினார். நாற்பத்து மூன்று. திரையில் சிவப்பாக ஒரு செய்தி வந்து நின்றது. அவர் அதை எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார்.

"தேதிப் பேக்கேஜ். பொது எண் ஒன்பது, இங்கே நாலு. காரணம்: அக்கா சொன்னாங்க. இந்தக் காரணம் செல்லாது."

அந்தக் காலத்திலேயே யாரோ எண்ணுக்குப் பக்கத்தில் குறித்து வைத்த வரி அது. பதினேழு தலையும் கண்ணாடிப் பக்கம் திரும்பியது. முதலாளி பாட்டிலைத் திறந்தார். ஒரு வார்த்தை கேட்டால் போதும். கேட்டுவிட்டால் தம்பிக்குச் சாட்சி துறைமுகத்தில் எவனோ ஒருத்தன். ஆனால் நிஜமான கொடுமை அதுவல்ல. கேட்டாலும் சொல்ல அக்காவிடம் ஒன்றும் இல்லை. ஆறு வருடத்துக்கும் முந்திய காரணத்தைத் தேடித் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தாள்.

சந்தேகம் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு திரும்பிக்கொண்டு தன் தொழிலைச் செய்தார். எண்ணை ஒன்பதுக்கு ஏற்றினார். நாற்பது லிஃப்டுகளின் சர்வீஸ் தேதியை ஓட்டிப் பார்த்தார். நாற்பதும் ஒரு நாள் முன்னதாக வந்தது. நாலுக்கு இறக்கினார், சரியாக வந்தது. ஒன்பதுக்கு ஏற்றினார், மறுபடி ஒரு நாள் முன்னால். பதினெட்டாம் தேதி என்றால் பதினேழு என்றது.

"அப்ப பழசையே வெச்சுக்கலாமா?" என்று முதலாளி கேட்டார்.

"வெச்சுக்கலாம் சார். காரணம் என்னன்னு எழுதறது?"

முதலாளி மறுபடி பாட்டிலைத் திறந்தார். மணி நாலு. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அக்கா சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், போகிற நேரம் போய்க்கொண்டிருக்கிறதே என்று. பார்த்துக்கொண்டே இருந்தவளுக்குச் சட்டென்று வீட்டுக் கடிகாரம் ஞாபகம் வந்தது. அவர் ஏறிச் சரிசெய்த கடிகாரம். தெரியாமல் அவள் கழித்த பதினைந்து நிமிடம். போன பஸ்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. பழைய பேக்கேஜ் ஒரு நாள் கூட்டிச் சொல்லியிருக்கிறது. அதற்காக எவரோ இங்கே ஒரு நாளைக் கழித்து எழுதியிருக்கிறார். அந்தப் புண்ணியவான் பின்னால் தன் தப்பைத் திருத்திக்கொண்டார், இங்கே கழிப்பவர் இன்னும் கழித்துக்கொண்டே இருக்கிறார். நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். வருகைப் பதிவேட்டுப் பேனாவை எடுத்துப் பல்லால் கடித்தாள். தெரியாமல் உட்கார்ந்திருந்ததைவிடத் தெரிந்துகொண்டு உட்கார்ந்திருப்பது பத்து மடங்கு கொடுமையாக இருந்தது. ஒரே ஒரு வார்த்தை, 'கழிச்சிருக்கு.' அதைச் சொன்னால் வேலை முடியும், கல்யாணம் போகும். மென்று முழுங்கினாள்.

நாலரை. நாலே முக்கால். சந்தேகம் தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டிருந்தார். "புதுசு சரியாத்தான் சொல்லுது. நேரா கேட்டா பதினெட்டுன்னுதான் சொல்லுது. அப்ப வழியில எவனோ ஒண்ணைக் கழிக்கிறான்." வரி வரியாக இறங்கினார். ஐந்து மணிக்கு விரல் ஓரிடத்தில் நின்றது. அந்த வரியை யார் எழுதியது என்று பக்கத்திலேயே பெயர் இருந்தது. சம்பளச் சீட்டில் இருக்கிற அதே பெயர். படித்தார், வரியை அழித்தார். ஓட்டினார். நாற்பது லிஃப்டும் பச்சை. பழைய எண் வேண்டாம், அடமும் வேண்டாம், காரணமும் வேண்டாம். நினைவூட்டலை இரண்டு நாளாக்கி அனுப்பியபோது மணி ஐந்து இருபது. லிஃப்ட் கம்பெனிக்காரர் போன் செய்து சரியாக வருகிறது என்றார்.

முதலாளி கண்ணாடிக் கதவருகே வந்தார். "முடிஞ்சுது. அக்கா, பேசுங்க."

எட்டு மணி நேரத்தில் சேர்த்து வைத்ததையெல்லாம் கொட்டப் போகிறாள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அந்தக் கழித்தல் வரியை எழுதிய கை யாருடையது என்பதும் இதற்குள் அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டிருந்தது. அவள் பேனாவை வாயிலிருந்து எடுத்தாள்.

"அந்த ஒரு நாளைக் கழிச்சது நான்தான்."

"தெரியும்" என்றார் சந்தேகம். "பேரு போட்டிருந்துச்சு."

அலுவலகமே சிரித்தது. அவளும் சிரித்தாள். சிரிப்பு அடங்கிய பிறகு, பையை எடுத்துக்கொண்டே கேட்டாள்: "நடுவுல என்னைக் கேட்கணும்னு தோணவே இல்லையா?"

"தோணுச்சு. முகத்தைப் பார்த்தேன். உங்களுக்கே தெரியலைன்னு தெரிஞ்சுது. அப்புறம் என்னத்தைக் கேட்கிறது?"

சுருக்கென்றது அவளுக்கு. படியில் இறங்கும்போது இரண்டாம் மாடி வரை கோபம், முதல் மாடியில் கொஞ்சம் துக்கம், தெருவுக்கு வந்தபோது ரயில் டிக்கெட் பத்திரமாக இருக்கிறதா என்று பையைத் துழாவிக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்குப் பதிவு அலுவலகத்தில் நீள மர பெஞ்சு. ஜன்னலுக்கு வெளியே கிரேன்களின் தலை தெரிந்தது. மேசையில் நூலால் கட்டிய பேனா. தம்பி புதுச் சட்டைக் காலரை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தான். எடை போடுகிற பெண் அவனைப் பார்த்து, "சும்மா இருங்க, கிழிஞ்சிடும்" என்றாள். மணமக்கள் கையெழுத்துப் போட்டு முடித்து, அதிகாரி பதிவேட்டைச் சாட்சியின் பக்கம் திருப்பியபோது அக்காவின் பைக்குள் போன் அடித்தது.

தம்பியின் முகம் அப்படியே விழுந்துவிட்டது. இரண்டு தடவை அவனுக்கு இந்தச் சத்தம் என்ன செய்திருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அதிகாரியிடம் ஒரு நிமிடம் என்று விரலைக் காட்டிவிட்டு எடுத்தாள். மறுமுனையில் சந்தேகம்.

"என்ன?" என்றாள்.

"அக்கா, கையெழுத்துப் போட்டாச்சா?"

"போடப் போறேன். என்ன ஆச்சு, சொல்லுங்க."

"ஒண்ணும் ஆகல. தேதிப் பேக்கேஜ் பத்தாம் நம்பர் வந்துச்சு. ஏத்திட்டோம். நாற்பத்து மூணும் ஓடுது. நீங்க அங்க போன் அடிக்குமோ, அடிக்குமோன்னு உட்கார்ந்திருப்பீங்கன்னு சாருக்குத் தோணுச்சு. அடிக்காதுன்னு சொல்றதுக்காக அடிச்சேன்."

வைத்துவிட்டார். அக்கா போனை அணைத்துப் பைக்குள் போட்டாள். பதினைந்து வருடத்தில் அந்தப் போன் அணைந்து அவளே பார்த்ததில்லை.

"யாரு?" என்று தம்பி கேட்டான்.

"ஆபீஸ்."

"என்ன வேணுமாம்?"

"ஒண்ணும் வேணாமாம்டா" என்றாள். சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அவனுக்கும் வந்தது. அதிகாரி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பேனாவை நூலோடு இழுத்து அவள் பக்கம் நீட்டினார்.

பெயர் என்ற கட்டத்தில் சம்பளச் சீட்டில் இருக்கிற பெயரை எழுதினாள். பக்கத்தில் உறவு என்று இன்னொரு கட்டம் இருந்தது. அதில் 'அக்கா' என்று எழுதினாள். எழுத்துக் கோணலாக வந்தது. அதிகாரி படித்துப் பார்த்து, சரி என்று முத்திரையைக் குத்தினார்.